வாள் கஜீவன்

எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் வாய்க்கு நன்றாயிருக்கிறது என்று பட்டுவிட்டால் போதும், அந்த வருசம் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அதையே வைத்துவிடுவார்கள். அப்படித்தான் தொண்ணூறாம் ஆண்டு ஒரே ஒழுங்கைக்குள் இரண்டு கஜீவன்கள் பிறந்தார்கள். பிறகு யார் எவன் என்று பிரிக்க வேண்டுமே. தகப்பன் கடை வைத்திருந்தவன் கடைக் கஜீவன் ஆனான். மற்றவனின் தகப்பன் செல்வநாயகம் அச்சுவேலிப் பக்கத்து மரக்காலை ஒன்றில் மரம் அரிகிறவர். ஆகவே அவர் மகன் வாள் கஜீவன்.

இதில் சிரிக்கவோ பயப்படவோ எதுவும் இல்லை. எங்களுக்கு வாள் என்றால் முதலில் மரம் அரிகிற வாள்தான். தச்சனிடம் இருப்பது கைவாள், மரக்காலையில் ஓடுவது மெசின் வாள். ஆளை வெட்டுகிற வாளை நாங்கள் சூரன்போரில் தகரத்தால் செய்து சூரன் கையில் கொடுத்து வைத்திருந்தோம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இடாப்புக் கூப்பிடும்போதும் "வாள் கஜீவன் வந்திட்டானோ?" என்றுதான் கேட்பார். அவனும் எழுந்து "ஓம் சேர்" என்பான்.

செல்வநாயகம் நெஞ்சு நோவில் போனபோது கஜீவனுக்குப் பதினேழு. அவனுக்குக் கீழே இரண்டு தங்கைமார். படிப்பை அந்தளவில் விட்டுவிட்டு அப்பாவின் மெசினடியில் போய் நின்றான். மரக்காலை முதலாளி சிவசுப்பிரமணியம் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த மனிதர். பொடியன் தகப்பனை விடக் கெட்டிக்காரன் என்று இரண்டு வருசத்தில் கண்டுகொண்டார். எங்கள் மரங்களை அரிவது லேசான காரியம் இல்லை. சண்டைக் காலத்துச் செல் துண்டும் சன்னமும் எந்தப் பனைக்குள் எந்த உயரத்தில் கிடக்கிறது என்று ஆருக்குத் தெரியும்? பல்லில் இரும்பு பட்டால் வாள் அறுந்து பறக்கும், நிற்கிறவன் முகம் போகும். கஜீவன் குற்றியைச் சுற்றி வந்து தட்டிப் பார்ப்பான், கருகின வடு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பான், பிறகு "இதுக்கை ஒண்டு கிடக்கு" என்று விரலால் காட்டுவான். கொத்திப் பார்த்தால் கிடக்கும்.

தங்கைமார் இரண்டு பேரையும் ஒழுங்காகக் கட்டிக்கொடுத்து முடிய அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் தாய் இரத்தினம்மா இவனுடைய சாதகக் குறிப்பைத் தூக்கினா. வட்டுக்கோட்டையில் முன்பள்ளி ஆசிரியை வினோஜாவின் குறிப்பு பொருந்தியது. இரண்டாயிரத்து இருபத்தொன்று தை மாதம் எழுத்து முடிந்தது. எழுத்து என்றால் பதிவுத் திருமணம். சட்டத்துக்கு அவர்கள் புருசன் பெண்சாதி, ஊருக்கு இன்னும் இல்லை. தாலி வைகாசியில் என்று நாள் வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் இருவரும் ரெலிபோனில் கதைத்துத் தீர்த்த கதையை வைத்து ஒரு பெரிய வீடே கட்டியிருக்கலாம். முப்பது வயது வரைக்கும் ஆசையாக ஒரு வார்த்தை கேட்டறியாதவன் அவன். அவள் "சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டாலே அன்றைக்கு முழுக்க மெசினடியில் தன்பாட்டில் சிரித்துக்கொண்டு நிற்பான்.

அந்த நேரத்தில் லெனாட் என்றொரு பொடியன், கரையோரப் பக்கம், இருபத்திரண்டு வயது இருக்கும், மாமன் கட்டுகிற வீட்டுக்கு நிலைமரம் அரிவிக்க இரண்டு மூன்று தரம் மரக்காலைக்கு வந்து போனான். போகும்போது கஜீவனின் நம்பரை வாங்கினான். என்ன பெயரில் போடுவது என்று கேட்டபோது பக்கத்தில் நின்ற முதலாளிதான் சொன்னார், "வாள் கஜீவன் எண்டு போடும் தம்பி, இல்லாட்டிப் பிறகு தேடேலாது." லெனாட் அப்படியே போட்டான்.

பங்குனியில் நெல்லியடிப் பக்கம் ஒரு வீடு புகுந்து வெட்டினார்கள். முகத்தைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்த ஆட்கள். அப்போது அது எங்களுக்குப் பழகிப்போன செய்தி, காலையில் தேத்தண்ணியோடு வாசிக்கிற செய்தி. அதில் லெனாட் அகப்பட்டான். அவனுடைய ரெலிபோனைத் தட்டிப் பார்த்த பொலிசுக்கு அதற்குள் ஒரு வாள் கஜீவன் கிடந்தான்.

அடுத்த நாள் பத்து மணிக்கு ஜீப் மரக்காலைக்கு வந்தது. மெசின் ஓடிக்கொண்டிருந்தது. மொழிபெயர்க்க வந்த பொலிஸ்காரர் தெற்கில் பிறந்தவர், தமிழைக் கொப்பியில் படித்துச் சோதினை பாசானவர். அவர் சத்தமாகக் கேட்டார்: "வாள் கஜீவன் யார்?"

எங்கள் மடையன் மரத்தூளைத் தட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு முன்னுக்கு வந்தான். "நான்தான் சேர் வாள் கஜீவன். என்ன அரியவேணும்?"

பொலிஸ் நிலையத்துக்கு மேசை, வாங்கு செய்ய மரம் அரிவிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தானாம். இந்தப் பிழையை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவன் விடுவான்? கையில் விலங்கு விழும்போதுகூட அவனுக்குப் பயம் வரவில்லை, ஏதோ ஆள் மாறாட்டம், அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்றிருந்தான். மெசினை நிற்பாட்டச் சொல்லி மற்றவனுக்குக் கையைக் காட்டிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினான்.

சிங்களத்தில் ஆளை வெட்டுகிற வாளுக்குக் 'கடுவ' என்று பெயர். மரம் அரிகிற வாளுக்குக் 'கியத'. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது அந்தப் பொலிஸ்காரரின் கொப்பியில் இல்லை. தான் 'கடுவ கஜீவன்' என்பதைச் சந்தேகநபர் பலர் முன்னிலையில் தானாகவே ஏற்றுக்கொண்டார் என்று எழுதினார்கள். ஆளை வெட்டவேண்டுமா என்று எங்களையே கேட்டார் என்றும் எழுதினார்களோ தெரியாது, எழுதியிருந்தாலும் ஆச்சரியமில்லை. வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. காட்டின இடத்தில் அவன் தமிழில் வடிவாகக் கையெழுத்து வைத்தான்.

பின்னேரமே இணையத்தளங்களில் வந்துவிட்டது. "வாள்வெட்டுக் குழுவின் முக்கியஸ்தர் 'வாள்' கஜீவன் சிக்கினார்." படமும் போட்டிருந்தார்கள், எழுத்துக்கு உடுத்த பட்டு வேட்டியோடு நின்ற படம், அவனுடைய முகநூலிலிருந்தே எடுத்தது. பக்கத்தில் நின்ற வினோஜாவின் முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள். அந்த மட்டில் ஒரு மரியாதை. கீழே எங்கள் சனம் எழுதின கருத்துகளை இங்கே சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. எழுதினவர்களில் அவனிடம் கதவு நிலை அரிவித்தவர்களும் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

முதலாளி சிவசுப்பிரமணியம் ஒரே ஒரு தரம் பொலிசுக்குப் போனார். அது மரம் அரிகிற வாள் ஐயா என்று சொல்லத்தான் போனார். உள்ளே இருந்த பெரியவர் அவருடைய மரம் ஏற்றுகிற பெர்மிற்றுகளை ஒருக்கால் கொண்டுவரச் சொன்னார். முதலாளி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டார்.

கஜீவன் ஏழு மாதம் விளக்கமறியலில் கிடந்தான். பதினாலு நாளுக்கு ஒருக்கால் கோட்டுக்கு ஏற்றுவார்கள், இறக்குவார்கள், மறுபடியும் பதினாலு நாள். சட்டத்தரணியிடம் வாளைப் பற்றி விளங்கப்படுத்தினான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கும் விளங்குது, நீதவானுக்கும் விளங்கும். ஆனால் கடுதாசியிலை கிடக்கிறதுக்குத்தான் தம்பி எல்லாரும் பதில் சொல்லவேணும்" என்றார். காவலாளிக்கு விளங்கப்படுத்தினான். பக்கத்தில் படுத்தவனுக்கு விளங்கப்படுத்தினான். பக்கத்தில் படுத்தவன் லெனாட்.

லெனாட்டைக் கண்ட அன்று அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்கத்தான் கஜீவன் போனான். அந்தப் பொடியன் காலில் விழுந்துவிட்டான். "அண்ணை, நான் வேணுமெண்டு செய்யேல்லை. உங்கடை நம்பர் அதுக்கை கிடந்தது எனக்கே நினைவில்லை." பிறகு உள்ளே இருந்த அவனுடைய கூட்டத்துக்கும் சொல்லிவைத்தான் போல. யாரையும் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு கிடக்கிற மனிசன் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. காட்டிக்கொடுக்க அவனுக்கு என்ன தெரியும்? ஆனாலும் சாப்பாட்டு வரிசையில் அவனுக்கு இடம் விட்டார்கள், தண்ணீர்ப் பைப்படியில் முதலில் குளிக்கவிட்டார்கள், 'வாள் அண்ணை' என்று கூப்பிட்டார்கள். அது அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இதைப் பிற்காலத்தில் அவன் வினோஜாவிடம் மட்டும் சொன்னான்.

பிணையில் வந்தான். ஒவ்வொரு ஞாயிறும் பொலிசில் போய் ஒப்பம் வைக்கவேண்டும். ஞாயிறு காலையில் சந்தைக்குப் போகிற சனம் முழுக்க அந்த வாசலால்தான் போகும். மரக்காலைக்குப் போனான். முதலாளி அவனைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தார், கண் கலங்கினார். "உன்னைப்போல ஒரு ஆள் எனக்குக் கிடையாது தம்பி. ஆனால் வாற சனம் கேக்குது, உவனை ஏன் வைச்சிருக்கிறீங்கள் எண்டு. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். எவ்வளவு நாள் போனாலும் அந்தக் கொஞ்ச நாள் போய் முடியவில்லை.

சரி, வீட்டிலிருந்து ஏதாவது செய்வோம் என்று, தச்சர்களின் கைவாளுக்குப் பல் வைத்து அரம் போட்டுக் கூராக்கிக் கொடுக்கத் தொடங்கினான். பின்வளவில் ஒரு கொட்டில், ஒரு பிடிகருவி, ஒரு சாணைமெசின். மரக்காலையில் அறுந்து கழித்த மெசின் வாள் தகடுகளை முதலாளி இரக்கத்தில் கொடுத்துவிட்டிருந்தார், அதை வெட்டிச் சின்னக் கத்திகளும் செய்தான். நாலு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு தச்சன் தன் வாளைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது சந்தியில் மறித்தார்கள். எங்கே போகிறாய்? வாள் கஜீவன் வீட்டுக்கு. சாக்குக்குள் என்ன? வாள். அந்த மனிதன் பின்னேரம் வரைக்கும் பொலிசில் குந்திக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு எந்தத் தச்சன் வருவான்?

அத்தோடு எங்கே வாள்வெட்டு நடந்தாலும் அடுத்த நாள் ஜீப் வரும். நேற்றுப் பின்னேரம் எங்கே நின்றாய், யார் கண்டது? தாய் கண்டது என்றால் தாய் சொல்லுவாதானே என்பார்கள். இரத்தினம்மா முதல் ஆறு தரமும் அழுதா. ஏழாம் தரம் ஜீப்பைக் கண்டதும் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினா.

ஊரில் குற்றத்துக்குக் காரணம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சனசமூக நிலையத்தில் 'இளைஞர் வன்முறை: காரணமும் தீர்வும்' என்று கூட்டம் வைத்தார்கள். தனக்கும் ஏதாவது தீர்வு கிடக்குமோ என்று கஜீவனும் போய்க் கடைசிக் கதிரையில் இருந்தான். பேச வந்தவர் படித்த மனிதர், வரிசையாகச் சொன்னார். யுத்தம் வன்முறையைச் சாதாரணமாக்கிவிட்டது என்றார். தகப்பன் இல்லாத குடும்பங்கள் என்றார், சனம் திரும்பிக் கஜீவனைப் பார்த்தது. படிப்பை இடையில் விட்டவர்கள் என்றார், திரும்பவும் பார்த்தது. வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர்கள் என்றபோது முன்வரிசையில் இருந்த கடைக் கஜீவனே கழுத்தை வளைத்து ஒருக்கால் பார்த்துக்கொண்டான். பிறகு பிஸ்கற் தட்டு வந்தது. அவனுக்கு முன்கதிரையோடு திரும்பிப் போய்விட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் அவன் கையைப் பிடித்து நின்றது ஒரே ஒரு ஆள். வினோஜா. எழுத்தை முறிப்பதென்றால் கோட்டில் வழக்குப் போட வேண்டும், அதற்கு அவள் ஒப்பம் வைக்க வேண்டும். அவளுடைய தமையன் கத்தினான், ரெலிபோனைப் பறித்தான், இரண்டு தரம் கையும் நீட்டினான். அவள் வைக்கவில்லை. யாராவது பிள்ளையின் தாயிடம் ரெலிபோனை வாங்கி, முன்பள்ளி முடிகிற நேரத்தில் ஐந்து நிமிசம் கதைப்பாள்.

"உம்மடை வாழ்க்கையையும் நான் பாழாக்கிறன்" என்று ஒருநாள் கஜீவன் சொன்னான்.

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்றாள் அவள். "வழக்கு முடியிற கிழமை நான் பையைத் தூக்கிக்கொண்டு வாறன். ஆரையும் கேக்கமாட்டன். நீங்கள் மட்டும் ஒண்டிலையும் மாட்டுப்படாமல் இருங்கோ."

அந்தச் சொல்லுக்காகத்தான் அவன் இருந்தான். லெனாட்டும் பிணையில் வந்துவிட்டான், அடிக்கடி வந்தான். வளவில் குந்தியிருந்து சிகரெட் பிடிப்பான், ஊரில் மற்றவன் எவனும் கேட்காத கேள்வியைக் கேட்பான்: "சாப்பிட்டீங்களோ அண்ணை?" இரண்டு தரம் அந்தக் கழித்த தகடுகளைப் பார்த்துக்கொண்டு, "இதிலை எங்களுக்கு ரெண்டு மூண்டு துண்டு நீளமாத் தட்டித் தாங்கோவன், பிடி நாங்கள் போடுறம்" என்றான். கஜீவன் இரண்டு தரமும் வாசல் படலையைக் காட்டினான். லெனாட் கோபிக்காமல் போய், மறுபடியும் வந்தான்.

மூன்றாம் வருசம் பல்கலைக்கழகத்திலிருந்து தனுஷிகா என்ற பிள்ளை வந்தாள். சமூகவியல் இறுதியாண்டு. யாழ்ப்பாணத்து வாள்வெட்டு இளைஞர் பற்றி ஆய்வு. நல்ல பிள்ளை, கொட்டிலில் மரத்தூளைத் தட்டிவிட்டு அப்படியே குந்தினாள்.

"என்னை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள் தங்கச்சி?" என்று கஜீவன் கேட்டான்.

"பொலிசிட்டை ஒரு லிஸ்ற் எடுத்தனாங்கள் அண்ணை. நீங்கள் அதிலை பதினேழாவது ஆள்."

பிறகு தாளைப் பார்த்துக் கேட்டாள்: முதன்முதல் வன்முறையில் ஈடுபட்டது எத்தனை வயதில்?

"நான் ஈடுபடேல்லை."

அவள் பேனையை வைத்துக்கொண்டு தாளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பிடி ஒரு விடை இதிலை இல்லை அண்ணை" என்றாள்.

அவன் முழுக் கதையையும் சொன்னான். கடுவ, கியத, சாக்குக்குள் வாள், பிஸ்கற் தட்டு எல்லாம். அவள் தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடியக் கண்கள் பளபளத்தன, துக்கத்தில் பாதி, தேடினது அகப்பட்ட சந்தோசத்தில் பாதி. "இதுக்கு ஒரு கோட்பாடே இருக்கு அண்ணை. முத்திரை குத்தல் கோட்பாடு எண்டு சொல்லுவினம். பிழை செய்யிறதாலை மட்டும் ஒருத்தர் குற்றவாளி ஆகிறதில்லை. சுத்தியிருக்கிற ஆக்கள் அந்தப் பேரை வைக்கினம். பேர் வைச்சாப்பிறகு வேலை குடுக்கமாட்டினம், பொம்பிளை குடுக்கமாட்டினம், எல்லா வாசலையும் பூட்டுவினம். கடைசியிலை அந்தப் பேரோடை போகக்கூடிய ஒரு வாசல்தான் திறந்திருக்கும்."

 தன்னுடைய மூன்று வருசத்தையும் ஒரு பிள்ளை நாலு வசனத்தில் சொல்லிவிட்டதே என்று கஜீவனுக்கு வியப்பாக இருந்தது. "அந்த வாசலாலை போகாமல் இருக்க என்ன செய்யவேணும் எண்டு அதிலை எழுதியிருக்கோ?"

அவள் யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள். "அதிலை விளக்கம்தான் அண்ணை இருக்கு" என்றாள். போகும்போது இரத்தினம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஆய்வில் அவன் பெயரைப் போடவில்லை, பதினேழாம் ஆள் என்று மட்டும் போட்டாளாம்.

எனக்கு அந்தப் பிள்ளையில் கோபமில்லை. அவ்வளவு படித்து, அவ்வளவு சரியாகச் சொல்லி, அவ்வளவும் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போனதில்தான் கோபம்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை கஜீவனுக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் வந்தது. வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சட்டத்தரணி ஒருவர் எழுதினது. தனது கட்சிக்காரி வினோஜா இந்தத் திருமணப் பதிவை இரத்துச் செய்ய விரும்புகிறார், ஒத்துழைக்கவேண்டும் என்று அதில் கிடந்தது. அவன் மூன்று தரம் வாசித்தான். பிள்ளைகளின் தாய்மார் நம்பருக்கு எடுத்தான், முன்பள்ளிக்கு விடுமுறை, ஒருத்தரும் எடுக்கவில்லை. அவளையும் குறை சொல்ல ஏலாது, மூன்று வருசம் நின்றாளே, வேறு ஆர் நிற்பாள் என்றுதான் தாயிடம் சொன்னான். சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போய் இருந்தான். அவனுக்குக் கண்ணீர்கூட வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோன மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

வியாழன் காலை லெனாட் வந்தான். "சாப்பிட்டீங்களோ அண்ணை?" என்றான்.

"இல்லை" என்றான் கஜீவன். பிறகு தானாகவே கேட்டான், "எத்தினை துண்டு வேணும்?"

மத்தியானத்துக்குள் மூன்று துண்டு செய்து முடித்தான். பல்லைச் சாணையில் கரைத்து, மறுபக்கம் கூர் வைத்து, நுனியைச் சரித்து. நல்ல உருக்கு, நல்ல வேலை. தச்சர்கள் வராமல் விட்ட பிறகு அவனிடம் அவனுடைய தொழிலைக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான், அந்த வேலையை அரைகுறையாகச் செய்ய அவன் கைக்குத் தெரியாது. லெனாட் துண்டைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்து, "நீங்கள் நீங்கள்தான் அண்ணை" என்றான். அதைக் கேட்கக் கஜீவனுக்கு நன்றாக இருந்தது. அவனுக்காக நான் பொய் சொல்லப் போவதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு பின்னேரம் நெல்லியடிச் சந்தைக்குக் கிட்ட ஓர் ஓட்டோக்காரனை வெட்டினார்கள். அவர்கள் தேடிப்போன ஆள் அவனில்லை, அதே நிற ஓட்டோ, அவ்வளவுதான். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மூன்று பிள்ளைகளின் தகப்பன். ரெலிபோனில் வந்த படத்தில் றோட்டில் ஒரு வாள் கிடந்தது. முதுகுப் பக்கத்தில் பல் கரைத்த தடம் வரிசையாகத் தெரிந்தது. உலகத்தில் வேறு எவருக்கும் அது என்ன தடம் என்று தெரியாது. கஜீவன் ரெலிபோனைக் கவிழ்த்து வைத்தான்.

திங்கட்கிழமை அவனுக்கு வழக்குத் தவணை. உடம்பு மட்டும் போய்க் கூட்டில் நின்றது. சட்டமா அதிபரின் ஆலோசனை வந்திருக்கிறது, இவருக்கு எதிராகச் சான்று எதுவும் இல்லை, விடுவிக்கலாம் என்றார்கள். இரண்டு நிமிசம்கூட எடுக்கவில்லை. சட்டத்தரணி தோளில் தட்டி, "கதை முடிஞ்சுது தம்பி, இனி நீர் சுத்தமான ஆள்" என்றார். கஜீவன் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

செவ்வாய் பதினொரு மணிக்கு வினோஜா வந்தாள். உண்மையாகவே பையோடு. பஸ்ஸில் இரண்டு இடம் மாறி, வியர்த்துக் குளித்து, படலைக்குள் நுழையும்போதே கதைத்துக்கொண்டு வந்தாள். "கோட்டிலை நிண்ட ஆக்கள் சொல்லிச்சினம். நேற்றே வந்திருப்பன், எங்கடை அண்ணை கதவைப் பூட்டிப்போட்டார். இஞ்சேருங்கோ, உங்களுக்கு ஏதும் கடிதம் வந்ததோ? நான் ஒப்பம் வைக்கேல்லை. அவர் தன்ரை எண்ணத்துக்கு ஆளைப் பிடிச்சு எழுதுவிச்சது. நீங்கள் அதை நம்பேல்லைத்தானே?"

கஜீவன் வாயைத் திறந்தான். அதற்குள் இரத்தினம்மா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து, "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று அழுதா. அழுதுகொண்டே குசினிக்குள் போய்ப் பாயாசத்துக்குச் சவ்வரிசி தேடினா. வினோஜா சிரித்துக்கொண்டு கஜீவனின் பக்கத்தில் வாங்கில் இருந்தாள். "ஏன் இப்பிடி இளைச்சுப் போனீங்கள்?" என்றாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஜீப் வந்தது. இறங்கினது அதே பொலிஸ்காரர். மூன்று வருசத்தில் மனிதர் எங்கள் பக்கத்துத் தமிழ் பழகிவிட்டார், காதோரம் நரையும் விழுந்துவிட்டது. படலையடியிலேயே நின்று கையை உயர்த்திக் காட்டினார். "பயப்படாதேங்கோ அம்மா. சும்மா கேட்டு எழுதிப்போட்டுப் போறதுக்குத்தான். மேலிடத்து ஓடர்." பிறகு கஜீவனைப் பார்த்துக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, உங்கடை வாள் மரம் அரியிற வாள். எனக்கு இப்ப தெரியும். அண்டைக்குத் தெரியேல்லை. அது என்ரை பிழை. ஞாயிற்றுக்கிழமை விசயத்திலை உங்களுக்குத் தொடர்பு இல்லை எண்டு ஒரு வசனம் சொன்னால் காணும், நான் எழுதிக்கொண்டு போயிடுவன்."

அவர் கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தார். சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். நம்பியும் இருப்பார். மூன்று வருசமாக எவனும் நம்பாத வசனம், அன்றைக்கு நம்ப ஆளிருந்தது.

கஜீவன் அந்தப் பேனை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வினோஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று வருசத்துக் கோபம் அது, நியாயமான கோபம். எழும்பி நின்றாள். "ஏன் சேர் ஒவ்வொரு முறையும் இவரைக் கேக்கிறீங்கள்? எல்லாரும் சேர்ந்து இவரைச் சாகடிச்சது காணாதோ?" என்றாள். பிறகு கஜீவனிடம் திரும்பினாள். "இண்டைக்கு ஒரேயடியாச் சொல்லிவிடுங்கோ. உங்களுக்கு இதிலை ஒண்டும் தெரியாது எண்டு என்ரை தலையிலை கை வைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ. இனி ஒருத்தரும் வந்து கேக்கக் கூடாது."

அவளே அவன் கையைப் பிடித்துத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்தாள். வகிட்டில் வெயில் சூடு இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், கோயிலில் நிற்கிற மாதிரி.

கஜீவன் கையை எடுத்துவிட்டான்.

மெல்லத்தான் எடுத்தான். வினோஜா கண்ணைத் திறந்து, அந்தக் கையையும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பொலிஸ்காரரும் பார்த்தார், பேனை அப்படியே நின்றது. குசினிக்குள்ளிருந்து இரத்தினம்மா, சீனி எவ்வளவு போடுறது பிள்ளை என்று கேட்டா. 

கஜீவன் எழும்பி உள்ளே போய், கொடியில் கிடந்த சேர்ட்டை எடுத்துப் போட்டு, எல்லாப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு வெளியே வந்தான்.